ஒரே பெடல்போர்டு, பல வாத்தியங்கள்: அனலாக் பெடல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார், வயலின், மெலோடிகா (வாயால் ஊதி வாசிக்கும் சின்னக் கீபோர்டு), கீபோர்டு என்று மாற்றி மாற்றி வாசிக்கிற ஆள் நான். பெடல்கள், அதாவது காலால் அழுத்தி இயக்கி வாத்தியத்தின் ஒலியை மாற்றுகிற சின்னப் பெட்டிகள், எல்லாம் முதலில் கிட்டாருக்காக வாங்கியவை. அப்புறம் ஒவ்வொரு வாத்தியமாக அவற்றில் செருகிப் பார்க்க ஆரம்பித்தேன். அந்த வழியில் வந்தவர்களும் வர நினைப்பவர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகள்தான் இவை.

அனலாக் பெடல் என்றால் சரியாக என்ன?

உள்ளே போகிற சிக்னல் கடைசி வரை மின்னழுத்தமாகவே இருந்து வெளியே வரும் பெடல். டிரான்சிஸ்டர், டயோடு, கெபாசிட்டர் போன்றவற்றின் வழியே அது உருமாறுகிறது. டிஜிட்டல் பெடலில் சிக்னல் எண்களாக மாற்றப்பட்டு, கணக்குப் போடப்பட்டு, மறுபடி சிக்னலாகிறது. இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. பல வாத்தியம் வாசிப்பவருக்கு அனலாக் ஏன் பிடித்துப்போகிறது என்றால், ஒலியைக் கரகரப்பாக்குகிற நல்ல ஃபஸ் அல்லது ஓவர்டிரைவ் பெடல் நீங்கள் எவ்வளவு அழுத்தி வாசிக்கிறீர்கள் என்பதற்குத் தக்கபடி நடந்துகொள்ளும். வில்லை மெதுவாக இழுத்தால் ஒரு குரல், அழுத்தி இழுத்தால் இன்னொரு குரல். மூன்று நாப், ஒரு ஸ்விட்ச். மெனுவைத் தேட வேண்டியதில்லை.

கிட்டார் பெடலில் வேறு வாத்தியத்தைச் செருகலாமா? எதாவது கெட்டுப்போகுமா?

தாராளமாகச் செருகலாம். பெடல் கிட்டாருக்கே உரியது என்பது கடைக்காரர்கள் அடுக்கி வைத்த விதத்தால் வந்த எண்ணம். வா-வா பெடலின் கதையைப் பாருங்கள். 1966-ல் அமெரிக்காவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்துப் பொறியாளர்கள் அந்தச் சர்க்யூட்டை உருவாக்கினார்கள். முதலில் அதற்கு வைத்த பெயர் கிளைட் மெக்காய் என்ற டிரம்பெட் கலைஞருடையது. டிரம்பெட் வாயை மூடித் திறந்து எழுப்பும் 'வா-வா' ஒலியை மின்சாரத்தில் கொண்டுவருவதுதான் நோக்கம். 1970 வாக்கில் மைல்ஸ் டேவிஸ் தன் டிரம்பெட்டையே அந்தப் பெடலில் செருகி வாசித்தார். 1973-ல் ஸ்டீவி வொண்டர் கிளாவினெட் என்ற கீபோர்டை மியூ-டிரான் பெடல் வழியே வாசித்த ஒலியை இன்றுவரை எல்லோரும் பின்பற்றுகிறார்கள். அதனால் நீங்கள் செய்யப்போவது புதுமை ஒன்றும் இல்லை. பயப்படாமல் செய்யலாம்.

கெடுவதைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை ஒருபோதும் பெடலில் செருகாதீர்கள். பெடலும் போகும், சில சமயம் ஆம்பும் போகும். மற்றபடி கீபோர்டின் சிக்னல் கூடுதலாக வந்தால் பெடல் கரகரக்கும், அவ்வளவுதான்.

செருகினேன், ஆனால் என் வயலின் தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது. பெடல் சரியில்லையா?

பெடல் சரியாகத்தான் இருக்கும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வயலினின் பிரிட்ஜில் பீசோ பிக்கப் (அதிர்வைச் சிக்னலாக்கும் சின்னத் துண்டு) ஒட்டி, எதிரொலி தரும் டிலே பெடலில் நேராகச் செருகியபோது கீழ்க் கம்பி உயிரே இல்லாமல் ஒலித்தது. கம்பியில்தான் குறை என்று நினைத்துப் புதுக் கம்பி மாட்டினேன். அதே ஒலி. குறை இருந்தது பிக்கப்பும் பெடலும் சந்திக்கிற இடத்தில்.

பீசோ பிக்கப் மின்சாரக் கணக்கில் ஒரு சின்னக் கெபாசிட்டர். அது சேர்கிற பெடலுக்கு 'இன்புட் இம்பிடன்ஸ்' என்று ஒரு மதிப்பு உண்டு; உள்ளே வரும் சிக்னலுக்குப் பெடல் காட்டுகிற மின் எதிர்ப்பு அது. இந்த இரண்டும் சேர்ந்து, கீழ் ஸ்வரங்களை வெட்டுகிற வடிகட்டியாகிவிடுகின்றன. பிக்கப் 470 பிக்கோஃபேரட், பெடல் 1 மெகா ஓம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 340 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிய ஆரம்பிக்கும். வயலினின் கீழ்க் கம்பியோ 196 ஹெர்ட்ஸ். அதன் உடம்பே அங்கே கழன்றுவிடுகிறது. அதே பிக்கப்பை 10 மெகா ஓம் இன்புட் உள்ள பிரீஆம்பில் (பெடலுக்கு முன்னால் சிக்னலை வாங்கி வலுவாக்கும் பெட்டி) செருகினால் வெட்டு 34 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வயலினுக்கு அங்கே வேலையே இல்லை. கம்பி முழுசாகக் கேட்கும்.

அதனால் முதல் செலவு பெடலுக்கு வேண்டாம். பீசோவுக்கு ஏற்ற பிரீஆம்ப் ஒன்றை வாங்குங்கள். மாண்டலின், அகூஸ்டிக் கிட்டார், செல்லோ என்று பீசோ ஒட்டிய எதற்கும் இதே பதில்தான். காந்தப் பிக்கப் உள்ள எலெக்ட்ரிக் கிட்டாருக்கு இது தேவையில்லை, 1 மெகா ஓம் அதற்குப் போதும்.

கீபோர்டை எப்படிச் செருகுவது?

பின்னால் 'இடது/மோனோ' என்று எழுதிய ஜாக்கில் மட்டும் கேபிளைச் செருகுங்கள். அப்போது இரண்டு பக்க ஒலியும் சேர்ந்து வரும். வால்யூமைக் கால்வாசியில் வைத்து ஆரம்பியுங்கள். கிட்டார் பிக்கப் தருவது பெரும்பாலும் சில நூறு மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். கீபோர்டு போன்ற கருவிகள் வெளியே தரும் 'லைன் லெவல்' மேடைத் தரத்தில் 1.23 வோல்ட். 9 வோல்ட்டில் ஓடுகிற பெடலுக்குள் அதை முழுசாகத் திறந்துவிட்டால் ஒலி திணறும். இன்னொன்று: கீபோர்டுக்குள்ளேயே இருக்கிற ரிவெர்ப் (அறை முழக்கம்), கோரஸ் (பலர் சேர்ந்து வாசிக்கிற மாதிரியான ஒலி) எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வெறும் எலெக்ட்ரிக் பியானோ ஒலியைப் பெடலுக்குக் கொடுத்தால்தான் பெடல் தன் வேலையைக் காட்டும்.

மைக் வைத்து வாசிக்கிற வாத்தியம்? புல்லாங்குழல், சாக்ஸபோன், பாட்டு?

மைக் சிக்னல் மிகச் சின்னது, சில மில்லிவோல்ட்தான். நேராகப் பெடலில் கொடுத்தால் ஒலியைவிட இரைச்சல் அதிகமாக வரும். முதலில் மைக் பிரீஆம்ப், அடுத்து சிக்னலைக் கிட்டார் அளவுக்கு இறக்கித் தரும் ரீஆம்ப் பெட்டி, அதன்பின் பெடல், கடைசியில் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பெட்டி வழியாக மிக்ஸர். இதுதான் முறையான பாதை.

எனக்குப் பிடித்த வழி வேறு. சின்ன மிக்ஸர் ஒன்றில் மைக்கைச் செருகி, அதன் ஆக்ஸ் அவுட்டிலிருந்து (ஒலியின் ஒரு பங்கைத் தனியாக வெளியே அனுப்பும் ஜாக்) ரீஆம்ப் பெட்டி வழியே பெடல்களுக்கு அனுப்பி, அவற்றின் வெளியீட்டை இன்னொரு சேனலில் வாங்கிக்கொள்வேன். வாத்தியத்தின் சொந்த ஒலி ஒரு ஃபேடரில், பெடல் ஒலி இன்னொரு ஃபேடரில். இரண்டையும் கலக்கிற அளவு என் கையில். புல்லாங்குழலின் மூச்சு கலையாமல் அதன் பின்னால் மட்டும் எதிரொலி ஓடும். ஒரே கவனம்: பெடல் திரும்பி வருகிற சேனலின் ஆக்ஸ் நாப் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒலி சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையிடும்.

ஒரே ஒரு பெடல்தான் வாங்க முடியும் என்றால் எது?

அனலாக் டிலே. யோசிக்கவே மாட்டேன்.

காரணம் அதன் உள்ளே இருக்கிற சிப்பில் இருக்கிறது. 1969-ல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த அதற்குப் 'பக்கெட் பிரிகேட்' என்று பெயர். தீயை அணைக்க ஆட்கள் வரிசையாக நின்று வாளித் தண்ணீரைக் கைமாற்றுவார்களே, அப்படி. சிக்னலைச் சிறு சிறு மின்னூட்டங்களாக நறுக்கி, ஒரு கெபாசிட்டரிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றிக்கொண்டே போகும். வரிசையின் கடைசிக்கு வந்து சேர எடுக்கிற நேரம்தான் டிலே. வரிசை நீளமானால், அல்லது கைமாற்றுகிற வேகம் குறைந்தால், எதிரொலி தாமதமாக வரும்.

4096 கட்டம் உள்ள ஒரு சிப்பிலிருந்து 300 மில்லி செகண்ட் டிலே வேண்டுமானால் நொடிக்குச் சுமார் 6,800 முறைதான் ஒலியைப் பிடித்து வைக்க முடியும். அதில் பாதிக்கு, அதாவது 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள எதையும் அது சரியாகக் கடத்தாது. அதனால் அந்தப் பகுதியை வடிகட்டிவிடுகிறார்கள். காகிதத்தில் பார்த்தால் இது குறை. காதில் கேட்டால் இதுதான் அழகு. ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட மங்கி, வாசிப்பின் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. வயலின், மெலோடிகா, மௌத் ஆர்கன் போன்ற கூர்மையான வாத்தியங்களுக்கு இது வரம். பளிச்சென்று திரும்பி வரும் எதிரொலி அவற்றோடு முட்டிக்கொள்ளும். மங்கிய எதிரொலி முட்டாது.

கமகம் வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்வரத்தை இழுத்து, வளைத்து, அசைத்து வாசிக்கும்போது நீண்ட எதிரொலிகள் அதன்மேல் விழுந்தால் சுருதி கலங்கிய மாதிரி கேட்கும். அந்த இடங்களில் டிலேயை 100 மில்லி செகண்ட் பக்கமாகக் குறைத்து, ஒன்றிரண்டு எதிரொலியோடு நிறுத்துங்கள். நீண்ட கார்வைகளுக்கும் விட்டு விட்டு வாசிக்கும் சொற்றொடர்களுக்கும் 300 மில்லி செகண்டைத் திறந்துவிடலாம்.

கிட்டார் தவிர மற்றவற்றில் ஃபஸ், டிஸ்டார்ஷன் எல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் ஒரு ஸ்வரமா இரண்டு ஸ்வரமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஃபஸ்ஸின் பிறப்பே ஒரு பழுதில் நடந்தது. 1961-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க 'கன்ட்ரி' இசைப் பாட்டுக்காக நாஷ்வில்லில் ஒலிப்பதிவு நடந்தபோது, மிக்ஸிங் மேசையின் ஒரு பகுதி பழுதாகி, ஒரு பேஸ் கிட்டார் தனிவாசிப்பு கரகரவென்று பதிவானது. அதை அழிக்காமல் விட்டுவிட்டார்கள். அங்கே பொறியாளராக இருந்த க்ளென் ஸ்னாடி அதே கரகரப்பைத் தருகிற சர்க்யூட்டை உருவாக்க, 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் கடைக்கு வந்தது. கிட்டாரைப் பித்தளைக் குழல் வாத்தியம் போல ஒலிக்க வைக்கலாம் என்றே அதை விற்றார்கள்.

இரண்டு ஸ்வரம் சேர்ந்து ஃபஸ்ஸுக்குள் போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புது ஸ்வரங்கள் உள்ளேயிருந்து முளைக்கும். வயலினின் கீழ்க் கம்பி இரண்டையும் திறந்த நிலையில் சேர்த்து இழுங்கள்: 196, 294 ஹெர்ட்ஸ், அதாவது சட்ஜமும் பஞ்சமமும். இவற்றின் வித்தியாசம் 98. அது கீழ்க் கம்பிக்கும் ஒரு ஸ்தாயி கீழே உள்ள அதே சட்ஜம். வயலினில் எந்தக் கம்பியிலும் இல்லாத ஸ்வரம் அது. முதல்முறை கேட்டபோது அறைக்குள் வேறு யாரோ செல்லோ வாசிக்கிற மாதிரி இருந்தது. இரண்டு கம்பியும் துல்லியமாகச் சேர்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அந்தக் கீழ்ச் சட்ஜம் தள்ளாடும். இதனாலேயே சுருதி கூட்ட நான் ஃபஸ்ஸைப் பயன்படுத்துகிறேன்.

கீபோர்டில் நான்கு ஸ்வரக் கார்டு வைத்து ஃபஸ் போட்டால் இந்தக் கழித்தல்கள் ஒன்றோடொன்று மோதிச் சேறாகிவிடும். அங்கே ச-ப மட்டும் வையுங்கள், அல்லது ஃபஸ்ஸை விட்டு மெல்லிய ஓவர்டிரைவுக்கு வாருங்கள்.

என் பழைய பாணி ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஃபஸ், கிட்டாரில் தேனாக இருக்கிறது. வயலினில் காதைக் குத்துகிறது. ஏன்?

1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸ் வகைச் சர்க்யூட்டுகளின் இன்புட் இம்பிடன்ஸ் மிகக் குறைவு. கிட்டாரின் காந்தப் பிக்கப்பும் அதுவும் நேராகச் சேர்ந்து ஒரே சர்க்யூட் போல வேலை செய்கின்றன. நடுவில் பிரீஆம்ப் வந்தால் அந்த உறவு அறுந்துவிடும். ஃபஸ்ஸின் இன்புட்டில் சில பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் ஓரளவு சரியாகும். ஜெர்மானியம் வெப்பத்துக்கும் அசையும். சூடான மேடையில் அதன் குணம் மாறினால் பதற வேண்டாம்.

பேஸ் கிட்டாருக்கு ஓவர்டிரைவ் போட்டால் அடி ஒலி காணாமல் போகிறதே?

ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல்களில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதற்கு கெயின் (பெருக்கும் அளவு) குறைவாகவே கிடைக்கும். கிட்டார் மற்ற வாத்தியங்களுக்கு நடுவில் தெளிவாக நிற்க அது உதவும். பேஸின் கீழ்க் கம்பி 41 ஹெர்ட்ஸ். சுத்தமான ஒலியையும் கலந்து தரும் 'பிளெண்ட்' நாப் உள்ள பெடல் எடுங்கள், அல்லது சுத்தமான சிக்னலைத் தனி வழியில் கொண்டுபோய்க் கடைசியில் கலக்குங்கள். கலந்ததும் ஒலி இன்னும் மெலிந்தால், பெடல் சிக்னலைத் தலைகீழாக்குகிறது என்று அர்த்தம். மிக்ஸரில் ஃபேஸ் ஸ்விட்சைத் தட்டுங்கள்.

கோரஸ், ஃபேசர் எந்த வாத்தியத்துக்கு?

எலெக்ட்ரிக் பியானோவுக்கு இரண்டுமே கைகண்டவை. புல்லாங்குழலுக்கு ஃபேசர் போட்டு ஏமாந்தவர்கள் நிறைய. ஃபேசர் ஒலியின் நடுவே சில இடங்களைப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளங்களை மேலும் கீழும் நகர்த்துகிறது. நகர்வது கேட்க வேண்டுமானால் அங்கே நிறைய ஹார்மோனிக்ஸ் (மூல ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் ஸ்வரங்கள்) இருக்க வேண்டும். புல்லாங்குழலில், அதுவும் மேல்ஸ்தாயியில், அவை சொற்பம். வெறும் வால்யூம் ஏறி இறங்குவது போலத்தான் இருக்கும். ஃபேசருக்கு முன்னால் துளி ஓவர்டிரைவ் சேருங்கள். ஹார்மோனிக்ஸ் பெருகும், ஃபேசருக்கும் கடிக்க ஏதாவது கிடைக்கும்.

கோரஸை வயலினில் குறைவாக வையுங்கள். விரலில் ஏற்கெனவே அசைவு இருக்கிறது.

ஆக்டேவ் பெடல்?

1982-ன் பாஸ் ஓசி-2 போன்ற அனலாக் ஆக்டேவ் பெடல்கள், அலையை எண்ணி இரண்டுக்கு ஒன்றாக வெட்டிக் கீழ்ஸ்தாயியைத் தருகின்றன. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் அவற்றுக்குப் புரியும். அதனால் சாக்ஸபோன், டிரம்பெட், மெலோடிகா போன்ற ஒற்றைக் குரல்களுக்கு நன்றாக ஒத்துவரும். கிட்டாரில் ஒரு கம்பி ஓயும் முன் அடுத்ததை மீட்டினால் தடுமாறும். இந்தப் பெடலோடு வாசிக்கும்போது கையே சுத்தமாகிவிடும்.

பெடல்களை எந்த வரிசையில் வைப்பது?

வா-வா, கம்ப்ரெஸர் (பெரிய ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது), ஓவர்டிரைவ் அல்லது ஃபஸ், கோரஸ் அல்லது ஃபேசர், டிலே, ரிவெர்ப். இதில் ஆரம்பியுங்கள். பழகியதும் டிலேக்குப் பின்னால் ஃபஸ் வைத்துப் பாருங்கள். எதிரொலிகள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே பாறையாக உருளும். மெதுவான மெட்டுக்கு அது தனி உலகம்.

மின்சாரம் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடு ஊசி நெகடிவ். செருகும் முன் பெடலின் பின்புறப் படத்தையும் அடாப்டரின் படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வோல்ட் கூடவே கூடாது. மில்லியாம்பியர் தேவைக்கு மேல் இருந்தால் தவறில்லை, பெடல் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரே அடாப்டரிலிருந்து பல பெடலுக்குப் பிரித்தால், அதில் ஒரு டிஜிட்டல் பெடல் இருந்தாலே கீச்சொலி எல்லாவற்றிலும் ஏறலாம். தனித்தனி வெளியீடுகள் ஒன்றிலிருந்து ஒன்று முற்றிலும் பிரிக்கப்பட்ட பவர் சப்ளைதான் நிம்மதி. பாசிடிவ் கிரவுண்டில், அதாவது மின்முனைகள் தலைகீழாக, ஓடும் பழைய ஃபஸ்ஸை மற்றவற்றோடு ஒரே கம்பியில் இணைக்காதீர்கள். பேட்டரியில் ஓட்டினால், வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைக் கழற்றுங்கள். பல பெடல்களில் அந்த ஜாக்தான் பேட்டரியின் ஸ்விட்ச்.

ட்ரூ பைபாஸ் (பெடல் அணைந்திருக்கும்போது சிக்னல் அதன் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போவது) அவசியமா?

இல்லை. பிரீஆம்ப் வழியாக வருகிற வாத்தியங்களுக்கு அதனால் பெரிய வித்தியாசமே தெரியாது.

மேடையில் வாத்தியம் மாற்றும்போது எல்லா நாப்பையும் திரும்பத் திருப்ப வேண்டுமா?

அதைத் தவிர்ப்பதுதான் முக்கியமான வேலை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிப் பிரீஆம்ப் அல்லது வால்யூம் கட்டுப்பாடு வைத்து, எல்லாம் பெடலுக்குள் நுழையும்போது ஒரே அளவில் இருக்கும்படி முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். நான் ஓவர்டிரைவை வைத்து அளவு பார்க்கிறேன். கிட்டாரைச் சாதாரணமாக மீட்டினால் லேசாகக் கரகரக்கிற இடத்தில் நாப்பை நிறுத்திவிட்டு, வயலினிலும் கீபோர்டிலும் அதே கரகரப்பு வரும்வரை அவற்றின் பிரீஆம்பைச் சரிசெய்வேன். பெடலைத் தொடவே மாட்டேன். அதன்பின் ஒரு செலக்டர் பெட்டியால் வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். மாற்றுவதற்கு முன் மியூட் செய்யப் பழகுங்கள். பீசோ ஒட்டிய வயலினைக் கீழே வைக்கிற சத்தம் டிலேயில் போனால் நான்கு முறை கேட்கும்.

மைக்கில் வாசிக்கும்போது ஃபீட்பேக் (ஊளைச் சத்தம்) வருகிறது. என்ன செய்வது?

ஓவர்டிரைவும் கம்ப்ரெஸரும் மெல்லிய ஒலியைத் தூக்கிவிடுகின்றன. ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குத் திரும்பி வருகிற ஒலியும் அதோடு சேர்ந்து தூக்கப்படுகிறது. மைக்கை வாத்தியத்துக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ வையுங்கள், மானிட்டர் (வாசிப்பவருக்கான ஸ்பீக்கர்) மைக்கின் முதுகுப்பக்கம் இருக்கட்டும், ஓவர்டிரைவின் கெயினைப் பாதியாக்குங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் அந்தப் பாட்டுக்கு மட்டும் வாத்தியத்தில் ஒட்டுகிற காண்டாக்ட் பிக்கப்புக்கு மாறிவிடுங்கள்.

இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும்போது நாப்பை எப்படித் திருப்புவது?

எக்ஸ்பிரஷன் பெடல் (நாப்பின் வேலையைக் காலால் செய்யும் மிதி) செருகும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். நாப் பெரிதாக இருந்தால் ஷூவின் ஓரத்தால் தள்ளியும் திருப்பலாம், நான் செய்திருக்கிறேன்.

ஆனால் இதற்கென்றே பிறந்த வாத்தியம் மெலோடிகா. குழாயை வாயில் வைத்துக்கொண்டு, மேசைமேல் வைத்து வலது கையால் வாசித்தால், இடது கை முழுசாகப் பெடலுக்கு. மைக் வழியே அதை அனலாக் டிலேக்குள் விடுங்கள். எதிரொலி எண்ணிக்கை நாப்பை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எதிரொலிகள் ஓயாமல் தம்மையே ஊட்டி வளர ஆரம்பிக்கும். அப்போது வாசிப்பதை நிறுத்திவிட்டு நேர நாப்பைத் திருப்புங்கள். சிப்பின் கைமாற்றும் வேகம் மாறுவதால், உள்ளே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒலியின் சுருதி வளைந்து ஏறும், இறங்கும். அந்த வளைவை நீங்கள் அடுத்து வாசிக்கப்போகும் ஸ்வரத்தில் கொண்டுவந்து நிறுத்தி, எண்ணிக்கை நாப்பைச் சட்டென்று குறைத்து, அதே ஸ்வரத்தை ஊதுங்கள். எனக்கு இது கைவர ஒரு மாதம் பிடித்தது. தினமும் பத்து நிமிடம், வேறு எதையும் வாசிக்காமல்.